பைப் வாங்கி நாக்கு பொத்துப்போச்சு: குழி அளவு எப்படிப் பார்த்து வாங்குவது?

பல்லடத்தான் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கமுங்க. சிகரெட்டைக் குறைக்கலாம் என்று போன மாதம் ஒரு பைப் வாங்கினேன். கடைக்காரர் மேசை மேல் ஏழெட்டு எடுத்து வைத்தார். எல்லாம் ஒரே விலை. ஒரே விலை என்றால் பெரியதை எடுப்பதுதானே நம் வழக்கம்? பூசணிக்காய் வாங்குகிற மாதிரி, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சிக்கல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் இருபது, இருபத்தைந்து நிமிடம் உட்காருவேன். எனக்குக் கிடைக்கிற நேரமே அவ்வளவுதான். அதற்குள் பாதிதான் எரிகிறது. மீதியை மறுநாள் பற்றவைத்தால் நனைந்த சாம்பல் மாதிரி கசக்கிறது. சரி, முடித்துவிடலாம் என்று வேகமாக இழுத்தால் கட்டை கையில் பிடிக்க முடியாத சூடு. நாக்கு நுனி பொத்துப்போய், காலையில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

புகையிலை வர்ஜீனியா, நூல் நூலாக வெட்டியது. பவுல், அதாவது புகையிலை அடைக்கிற கிண்ணம், பெரிதாகப் போய்விட்டதா, இல்லை எனக்குப் பிடிக்கத் தெரியவில்லையா?

வால்பாறை மழை | ஞாயிறு, இரவு 11.15

இரண்டும்தான் தம்பி.

முதலில் ஒன்று. பவுல் என்று கடையில் காட்டுவது வெளிக்கட்டை. நமக்கு வேண்டியது உள்ளே துளைத்திருக்கும் குழி. மட்டையைப் பார்த்துத் தேங்காய் வாங்கினால் என்ன ஆகும்? குண்டுக் கட்டைக்குள் சின்னக் குழி இருக்கும், ஒல்லிக் கட்டைக்குள் ஆழக் குழி இருக்கும். கண்ணால் பார்த்து ஏமாறாதவர் கிடையாது. நானும் ஏமாந்திருக்கிறேன்.

குழியின் குறுக்களவு 16, 17 மி.மீ. என்றால் சின்னது. 19 நடுத்தரம், அதாவது முக்கால் அங்குலம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இதற்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். 21, 22க்கு மேல் போனால் அகலக் குழி. ஆழம் 30 முதல் 45 வரை பார்க்கலாம்.

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சைஸ் என்று ஒன்று கிடையாது. டன்ஹில் பைப்புகளில் 1 முதல் 6 வரை குரூப் எண் உண்டு, நாலிலக்க எண்ணாக இருந்தால் முதல் இலக்கம் அதுதான். மற்றவர்களுக்கு அவரவர் கணக்கு. ஒருவருடைய மீடியம் இன்னொருவருக்கு ஸ்மால். பனியன் சைஸ் மாதிரிதான். திருப்பூருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அகலம் ருசியைத் தீர்மானிக்கும், ஆழம் நேரத்தைத் தீர்மானிக்கும். இது என் முப்பது வருடக் கணக்கு.

கணபதி லேத்து | திங்கள், காலை 7.05

ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அகலமும் நேரத்தைக் கூட்டும், அதுவும் ஆழத்தைவிட வேகமாகக் கூட்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்.

போர் டயா, அதாவது குழியின் குறுக்களவு 19, டெப்த், அதாவது ஆழம் 38 என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 10.8 மி.லி. அதே டெப்த்தில் டயாவை 23 ஆக்குங்கள். கூட்டியது வெறும் 4 மி.மீ., அரிசியின் நீளம்கூட இல்லை. கொள்ளளவு 15.8க்குப் போய்விடும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டயா இருமடிப் பெருக்கத்தில் வேலை செய்யும், டெப்த் நேராகத்தான் ஏறும். பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு முதல் வாரம் இதைச் சொல்லிக் கொடுப்பேன், இரண்டாவது வாரம் மறந்திருப்பார்கள்.

16க்கு 30 குழி எடுத்தால் 6 மி.லி.தான். பார்வைக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், உள்ளே பாதியே பிடிக்கும்.

பல்லடத்தாரே, உங்களுடையதை அளந்து போடுங்கள். டயாவுக்கு வெர்னியர் அளவுகோலின் மேல் தாடை, ஆழத்துக்குப் பின்னால் நீளும் கம்பி. கொள்ளளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பைப் செய்கிற பிரையர் கட்டை ஊறிக் கெட்டுவிடும். கேழ்வரகை விளிம்பு வரை கொட்டித் தட்டிச் சமன் செய்யுங்கள். அப்புறம் அதை ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சில் போட்டு அளவு பாருங்கள். கடுகும் ஆகும், ஆனால் அடுப்படியில் கடுகு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

பல்லடத்தான் | திங்கள், காலை 8.20

கேழ்வரகு கேட்டாலும் கேட்பார்கள் அண்ணா. வெர்னியர் பக்கத்துத் தறி மெக்கானிக்கிடம் இருக்கிறது. வாங்கி அளந்துவிட்டு வருகிறேன்.

ஈரோட்டுக்காரி | திங்கள், மதியம் 1.30

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். பைப் பிடிக்கிறவர்களின் மேலண்ணத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். வெளுத்துத் தடித்திருக்கும், நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். அங்கே இருக்கும் சின்னச் சின்ன எச்சில் சுரப்பிகளின் வாய் வீங்கி அப்படித் தெரிகிறது. முக்கியக் காரணம் சூடு. ஆகவே பல்லடத்து அண்ணன் சொல்கிற நாக்கு எரிச்சலைச் சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம்.

சிகரெட்டுக்குப் பதில் பைப் என்பதும் தப்புக் கணக்கு. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு வழி திறந்தேதான் இருக்கிறது. சிகரெட் பிடித்துப் பழகியவர்கள் பைப்பையும் தெரியாமல் உள்ளே இழுத்துவிடுவார்கள், அது இன்னும் மோசம். சின்னக் குழி வாங்கினால் சூடும் நிகோடினும் குறையலாம். குறையும் என்பதைப் பாதுகாப்பு என்று படித்துக்கொள்ளாதீர்கள். வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரம் தாண்டி இருந்தால் போய்க் காட்டுங்கள்.

வால்பாறை மழை | திங்கள், மாலை 6.50

அம்மணி சொல்வது முழுக்கச் சரி. அந்த மேலண்ணம் எனக்கும் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்த அன்றைக்கே பைப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். ஆறு மாதத்தில் தோல் பழையபடி ஆனது. அப்புறம் மறுபடி இறக்கினேன், அது என் பலவீனம். இப்போது வாரத்துக்கு இரண்டு. முன்பு ஒரு நாளைக்கு ஐந்து.

உடுமலை மக்காச்சோளம் | திங்கள், இரவு 9.10

சின்னக் குழியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் மறுபடி விலை கொடுத்து பிரையர் வாங்காதீர்கள். சோளக்கட்டை பைப் வாங்குங்கள். விலை குறைவு, உடனே பிடிக்கலாம், புதுக் கட்டையைப் பழக்குகிற வேலை பெரிதாக இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 1869இல் ஹென்றி டிப்பி என்பவர் தொடங்கிய தொழில், இன்னும் அதே வாஷிங்டன் என்கிற ஊரில் நடக்கிறது. ஒரு விவசாயி கத்தியால் சீவிய கட்டையைக் கொண்டுவந்து, இதைக் கடைசல் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டாராம். டிப்பி மரக் கடைசல்காரர். கணபதி அண்ணனுக்கு இது பிடிக்கும் என்றுதான் சொன்னேன்.

எங்கள் தோட்டத்தில் அறுத்த மக்காச்சோளக் கட்டையில் நானும் ஒன்று குடைந்தேன். மூன்றாவது தடவை பற்றவைக்கும்போது பக்கவாட்டில் ஓட்டை விழுந்து வேட்டியில் நெருப்பு. நம்முடையது கோழித் தீவனத்துக்கு விளைகிற ரகம், கட்டை மெலிசு. அவர்கள் கட்டை பருமனாக வருவதற்கென்றே தனி ரகம் போட்டு, அறுத்ததை வருடக்கணக்கில் காயவைத்து அப்புறம்தான் கடைகிறார்கள்.

கணபதி லேத்து | திங்கள், இரவு 9.25

வாகைக் கட்டை ஒன்று பட்டறையில் சும்மா கிடக்கிறது. கடைந்து பார்க்கலாமா?

வால்பாறை மழை | திங்கள், இரவு 9.40

பார்க்காதீர்கள். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரம் வளர்கிற ஒரு புதர்ச் செடியின் வேர் முண்டு. அதை வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். நெருப்பைத் தாங்குகிற குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. நம் மரங்களில் எது சூட்டில் என்ன புகையை விடும் என்று தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது. வாகையை விடுங்கள், அரளிக்கட்டையில் கடைந்தால் நல்லாயிருக்குமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்லவேளை, கேட்டார்.

பவானிக்கரை | செவ்வாய், காலை 6.15

அளவைப் பற்றிப் பேசுவதால் ஒரு எச்சரிக்கை. எங்கள் அப்பாரு காலத்தில் காட்டில் புகையிலைதான் வெள்ளாமை. உப்புத் தண்ணிக் கிணறு பாய்ந்த காட்டுப் புகையிலைக்கு மெல்லுகிறவர்களிடம் தனி மவுசு. வெயிலில் உலர்த்தி, அடுக்கிப் புழுங்கவிட்டு, வண்டியேற்றுவார்கள். வீட்டில் இன்னும் யாராவது ஒரு கட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பைப் புதிதாக வாங்கிய நாளில் எனக்கு ஒரு யோசனை. இது காரம், ஆகவே மிகச் சின்னக் குழியில் போட்டால் சரியாக இருக்கும், இல்லையா? சுண்டுவிரல் நுனி அளவு வைத்தேன். நாலு இழுப்பு. விக்கல் பிடித்தது, காது அடைத்தது, வேர்த்து ஊற்றியது. களத்துமேட்டுக் கயிற்றுக்கட்டிலில் பொழுது விழும்வரை வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஆத்தா வந்து மோர் கொடுத்துவிட்டு, என்னடா தின்ன என்று மட்டும் கேட்டார்.

மெல்லுகிற புகையிலை வேறு, பைப் புகையிலை வேறு. குழியைச் சுருக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முடியாது.

பல்லடத்தான் | செவ்வாய், இரவு 10.55

அளந்துவிட்டேன். டயா 23, ஆழம் 46. கணக்குப்படி 19.1 மி.லி. வர வேண்டும். கேழ்வரகு 17.5தான் காட்டியது. இரண்டு தடவை கொட்டிப் பார்த்தேன், அதேதான். சிரிஞ்சு பொய் சொல்கிறதா?

கணபதி லேத்து | புதன், காலை 7.00

சிரிஞ்சு சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் குழியின் அடி தட்டையாக இருக்காது, பாதிப் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். அந்த மூலைகளில் போனது 1.6 மி.லி. 19.1இல் 1.6 கழித்தால் 17.5. கேழ்வரகுக்கு நான் மார்க் போடுகிறேன்.

17.5 என்பது பெரிய குழி தம்பி. இருபது நிமிடத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். என் பைப் 19க்கு 38, எனக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். உங்களுடையதில் பாதிக் குழி மட்டும் நிரப்புங்கள், காசு செலவில்லாமல் வேலை முடிந்தது.

வால்பாறை மழை | புதன், காலை 8.30

இல்லை. பாதிக் குழி நிரப்பினால் கொள்ளளவு குறையும், அகலம் குறையாது. 23 மி.மீ. அகலத்துக்கு நெருப்பு பரவித்தானே ஆக வேண்டும்? நூலாக வெட்டிய வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அகலமான தணல் கிடைத்தால் சூடேறி நாக்கைக் கடிக்கும். அது அணையாமல் இருக்க இவர் இன்னும் அடிக்கடி இழுப்பார். அதோடு தீக்குச்சியைக் குழிக்குள் எட்டிப் பிடிக்க வேண்டும், விளிம்பு கருகும்.

அகலக் குழி யாருக்கு என்றால், லட்டாகியா கலந்த புகையிலை பிடிக்கிறவர்களுக்கு. சைப்ரஸ் பக்கம் இலையைப் புகைமூட்டம் போட்டு உலர்த்துவார்கள், கருப்பாக, விறகடுப்பு வாசனையோடு இருக்கும். மெதுவாக, சூடில்லாமல் எரியும். நாலைந்து வகை இலை கலந்திருப்பதால் அகலத்தில் எல்லாம் ஒன்றாக எரிந்து ருசி சேரும். வர்ஜீனியாவுக்கு, அதுவும் பட்டையாக அழுத்தி வெட்டிய ஃபிளேக்குக்கு, ஒடுங்கின குழிதான் அழகு. மடித்துச் செருகினால் கீழே வரை ஒரே சீராக இறங்கும்.

கணபதி லேத்து | புதன், காலை 9.10

நான் வாரா வாரம் பாதிக் குழி பிடிக்கிறேன், என் விளிம்பு கருகவில்லை. லைட்டரைச் சாய்த்துப் பிடிக்கத் தெரிய வேண்டும்.

வால்பாறை மழை | புதன், காலை 9.20

உங்களுடையது 19, அவருடையது 23. டயா இருமடியில் வேலை செய்யும் என்று திங்கட்கிழமை சொன்னது யார்?

கணபதி லேத்து | புதன், காலை 9.22

சரி, அது நான்தான்.

பொள்ளாச்சிச் சந்தை | புதன், மாலை 5.45

இரண்டு பேரும் புகையிலையை எப்படி அடைப்பது என்பதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாலக்காட்டு மருமகள், வாரம் மூன்று நாள் புட்டு. மாவைக் குழலில் அழுத்தினால் ஆவி ஏறாது, அடி வெந்து மேலே பச்சை மாவாக நிற்கும். மாவு தன் பாரத்தில் விழுந்து நிற்க வேண்டும், மேலே மட்டும் லேசாகத் தட்ட வேண்டும். பைப்பும் அப்படித்தான். அடியில் தளர்வு, நடுவில் கொஞ்சம் இறுக்கம், மேலே அதைவிடக் கொஞ்சம். பற்றவைக்கும் முன் ஒரு தடவை வெறுமனே இழுத்துப் பாருங்கள். இளநீர் ஸ்ட்ரா மாதிரி வந்தால் சரி, கெட்டிப் பாயசம் மாதிரி வந்தால் கொட்டிவிட்டு மறுபடி அடையுங்கள். ஆழக் குழியில் இந்தத் தப்பு அதிகம் வெளிப்படும், ஆழம் குறைந்ததில் மன்னிப்பு உண்டு.

புகையிலை ஈரமாக இருந்தாலும் நாக்கு போகும். நெருப்பு அந்த ஈரத்தைக் கொதிக்கவைக்கிறது, நாக்கில் படுவது பாதி நீராவி. தட்டில் பரப்பி அரைமணி நேரம் வையுங்கள்.

பவானிக்கரை | புதன், இரவு 8.00

பல்லடத்தாரே, மாடி என்றீர்களே, எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறீர்கள்?

பல்லடத்தான் | புதன், இரவு 8.15

மேற்கே. காற்று நல்லா வரும்.

பவானிக்கரை | புதன், இரவு 8.20

மாதம் என்ன?

பல்லடத்தான் | புதன், இரவு 8.21

ஆடி.

பவானிக்கரை | புதன், இரவு 8.35

அம்மியே பறக்கிற மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உட்கார்ந்து, 23 மி.மீ. குழியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி எத்தனை காற்றாலை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள், அவையெல்லாம் அங்கே நிற்பது இதே காற்றுக்காகத்தான். கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி ஊதி, மேல்பக்கத்தைக் கனலாக்கி, உங்கள் நாக்கில் விடுகிறது. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று உள்ளே இறங்கும். சின்னக் குழியாக இருந்தால் பெருவிரலை மேலே வைத்தே பாதி மூடிக்கொள்ளலாம். துளையிட்ட தகர மூடியும் கிடைக்கிறது. அதைவிட எளிது, தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே நாற்காலியைப் போடுங்கள்.

பல்லடத்தான் | புதன், இரவு 8.50

இதை யாரும் கடையில் சொல்லவில்லையே.

உடுமலை மக்காச்சோளம் | புதன், இரவு 9.30

கடைக்காரர் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பார்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். குழி சின்னதாக இருந்து சுவரும் மெலிசாக இருந்தால் கை சுடும். சுவர் ஆறேழு மி.மீ. ஆவது இருக்கட்டும். அப்புறம் புகைத்துளை அடியோடு அடியாக வந்து சேர வேண்டும். மேலே ஏறி நின்றால் அதற்குக் கீழே இருப்பது ஈரச் சக்கையாகத் தங்கிவிடும், நீங்கள் அளந்த ஆழத்தில் அந்த அளவு வீண். பைப் கிளீனர் கம்பியைத் தண்டு வழியாக விட்டு, நுனி குழியில் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நிர்வாகி | புதன், இரவு 10.00

யார் எங்கே வாங்கினார்கள், எவ்வளவுக்கு என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விற்பனை விவரம் இங்கே வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது குற்றம், பொது இடத்தில் பிடிப்பதும் தடை. மொட்டை மாடி உங்களுடையதாக இருக்கட்டும்.

பல்லடத்தான் | 19 நாள் கழித்து, இரவு 9.50

உடுமலைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு சோளக்கட்டை வாங்கினேன். இந்தத் தடவை சட்டைப்பையில் வெர்னியரோடு போனேன். கடைக்காரர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டயா 17, ஆழம் 32. கணக்கில் 7.3, கேழ்வரகில் 6.6. என் பெரியதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

தொட்டிக்குக் கிழக்கே நாற்காலி. புகையிலையை அரைமணி நேரம் தட்டில். முதல் இரண்டு நாள் இழுப்பு கெட்டியாக இருந்தது, புட்டு ஞாபகம் வந்து கொட்டி மறுபடி அடைத்தேன். இப்போது இருபத்திரண்டு, இருபத்தி மூன்று நிமிடத்தில் தானாகவே அடியைத் தொடுகிறது. நடுவில் ஒரு தடவை மறுபடி பற்றவைக்கிறேன். கட்டை சூடாகிறது, ஆனால் கன்னத்தில் வைத்துப் பிடிக்க முடிகிறது. ரசம் ரசமாக இருக்கிறது.

ஈரோட்டு அக்கா சொன்னதைப் படித்த மறுநாள் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் டாக்டரிடமும் காட்டிவிட்டேன். தினமும் என்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கியிருக்கிறேன்.

பெரிய பைப்பை என்ன செய்வது?

ஈரோட்டுக்காரி | இரவு 10.05

காட்டினீர்களே, அது போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வால்பாறை மழை | இரவு 10.20

பெரியதைப் பரணில் போடுங்கள். மழைக் காலத்தில் ஒரு நாள் மேலே வந்தால் எடுத்து வாருங்கள். இங்கே கதவை மூடிவிட்டு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் எங்கும் போக முடியாது. லட்டாகியா என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அந்தக் குழிக்கு அதுதான் சரி.

கணபதி லேத்து | இரவு 10.30

வெர்னியரைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா?

பல்லடத்தான் | இரவு 10.34

நேற்றுக் கொடுத்தேன் அண்ணா. ஆழம் பார்க்கிற கம்பிக்குள் ஒரு கேழ்வரகு மாட்டியிருந்திருக்கிறது. தறியில் எந்த இடத்தை அளந்தீங்க என்று மெக்கானிக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.